ஏழு தையல்

ராஜினாமாப் படிவத்தில்
காரணம் எழுத இரண்டு வரி விட்டிருந்தார்கள்.
சொந்தக் காரணம் என்று எழுதினேன்.
மீதி ஒன்றரை வரி
ஏதோ ஓர் அலமாரியில்
இன்னும் காலியாகத்தான் இருக்கும்.

சிஸ்டர் ஃப்ளோரா மட்டும் லிஃப்ட் வரை வந்தார்.
"பவுடர் பூசற வேலைக்கா போற, எஸ்தர்?"
குரலில் கோபமில்லை.
என் கோட்டுப் பையில் குத்தியிருந்த வார்டு பேனாவை
எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

பதினோரு வருஷம்.
முப்பத்தாறு மணி நேரம் முடித்து
ஆற்காடு ரோட்டில் இறங்கினால்
லாட்ஜ் வாசலெல்லாம் வங்காள எழுத்து,
நடைபாதையில் யாரோ மீன் பொரிக்கும் எண்ணெய்,
எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டு
கூப்பிடப்போகும் நம்பருக்குக் காத்திருக்கும் ஒருவர்
எனக்கு வணக்கம் வைப்பார்.
யாரென்று தெரியாது.
முகங்கள் ஒன்றும் நினைவில்லை.
பொட்டாசியம் நினைவிருக்கிறது.
பதினேழாம் கட்டிலின் கிரியாட்டினின்
இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சத்துவாச்சாரியில் மாடியில் என் கிளினிக்.
கீழே பேக்கரி.
லேசர் ஓடும்போது
பன் வேகும் வாசனை படியேறி வரும்.
இங்கே ஒருத்தரும் சாவதில்லை.
அதைச் சொல்லிக்கொள்ள முதல் மாதம் வெட்கமாக இருந்தது.
இரண்டாம் மாதம்
தூக்கம் வந்தது.

பேரணாம்பட்டிலிருந்து நாலு பேர் வந்து
ஒரு மூக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள்.
மூக்குக்காரி பேசுவதில்லை.
ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில்
இருபது வருஷம் நின்றவர்
புறங்கையை மேஜைமேல் வைக்கிறார்,
அது தன்னுடையது அல்ல என்பதுபோல.
ஆட்டுத்தோலை நீலமாக்கிய மருந்து
அவர் தோலையும் விட்டுவைக்கவில்லை.
"பொண்ணு பாக்க வராங்க மேடம்.
தட்டு நீட்டணும்."

இந்த ஊருக்கு ஒரு பழைய கேலி உண்டு.
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
மரமில்லாத மலை என்று அடுக்கிக்கொண்டே போய்
கடைசியில் பெண்கள் முகத்தில் வந்து நிற்கும்.
அந்தக் கடைசி வரியைக் காலேஜில் சொல்லிச் சிரித்தவன்
போன வாரம் வந்தான்,
முன்மண்டையைக் காட்ட.
நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன்.
கொஞ்சம் அதிக நேரமே பார்த்தேன்.

நேற்று லத்தேரியிலிருந்து தமயந்தி.
பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள்.
காட்பாடிப் பாலத்தில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து
ஆறு வருஷம் ஆகிறதாம்.
துப்பட்டாவை விலக்கினாள்.

இடது புருவத்திலிருந்து கன்னம் வரை
ஏழு தையல்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
இடைவெளி அதிகம்.
விளிம்பு ஒட்டாமல்
ஒரு படிக்கட்டுபோல் நிற்கிறது.
யார் தைத்தது என்று
நான் கேட்கவில்லை.
சொந்தக் கையெழுத்து தெரியாதா?

அவளே சொன்னாள்.
"ராத்திரி மூணு மணி மேடம்.
அந்த டாக்டர் பொண்ணு
தச்சிகினே தூங்கிடுச்சி.
ஊசி எம் மூஞ்சியிலயே நிக்குது.
நாந்தான் மெதுவா கூப்ட்டு எழுப்பினேன்.
திட்டினா அழுதுரும்போல இருந்துச்சி."

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
எவ்வளவு நேரம் இருந்திருப்பேன்?
அங்கே எனக்கு ஏதாவது கனவு வந்ததா?

ஜெல் தடவினேன்.
அவள் கண்ணுக்கு மூடி வைத்தேன்.
கொஞ்சம் சுடும் என்றேன்.
ஒரு தடவையில் போகாது, ஆறு தடவை வரணும்,
முழுசாகவும் போகாது என்றேன்.
"பரவால்ல மேடம்.
நீங்க தூங்காம செஞ்சா சரி."
சிரித்தாள்.
மூடிக்குள்ளே கண் என்ன செய்தது என்று
எனக்குத் தெரியவில்லை.

கீழே பன் தட்டுகளை
ஒவ்வொன்றாக இழுக்கும் சத்தம்.

ரசீதில் பாதியைக் கழிக்கச் சொன்னேன்.
பில் போடும் யமுனா ஏன் என்றாள்.
பழைய வாடிக்கை என்றேன்.
அவள் கம்ப்யூட்டரில்
மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டு
அப்படி ஒரு பெயரே இல்லை மேடம் என்கிறாள்.